டை போட்டாலும் ஸ்வரம் அறுகிறது, அரைக் கட்டை ஏற்றினால் ரவான் ட்ரியாங்கிள் ஆகிறது: யாராவது கைகொடுங்கள்

ரோஸ்ஹில்_கீபோர்டு · செவ்வாய், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு பஜனைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று வாரம். கொடியேறியதிலிருந்து காவடி நாள் வரை தினமும் சாயங்காலம் பாட்டு உண்டு. பாஸ் கிடார் வாசித்த தம்பி கப்பல் வேலைக்குப் போய்விட்டான். அவன் இடத்துக்கு நாலு ட்ராக் உள்ள ஒரு பழைய சீக்வென்சர் பெட்டியை (ஏற்றி வைத்த ஸ்வரங்களைத் தானே வரிசையாக வாசிக்கும்) இரண்டாம் கையாக வாங்கினேன். பேர் சொல்லவில்லை. தப்பு பெட்டியிலா என் கையிலா என்றே இன்னும் தெரியாதபோது பேரைக் கெடுப்பானேன்.

முதல் ட்ராக்கில் பாஸ். நாலாவது ட்ராக்கில் தாளம்: என் வீட்டு ரவான் என்ற தோல் பறையைத் தீயில் காட்டி இறுக்கி, அடித்துப் பதிவு செய்து ஏற்றிய சாம்பிள். அதோடு ட்ரியாங்கிள், மராவான் என்ற கிலுகிலுப்பைப் பெட்டி.

இரண்டு தொல்லை. ஒன்று, மோகனத்தில் ஒரு வரிக்கு பாஸ் நீளமாக நிற்க வேண்டும். டை (ஸ்வரத்தை நீட்டும் குறி) போட்டுப் பார்த்துவிட்டேன், 'டும்' என்று ஒரு தடவை தட்டிவிட்டு அடங்கிவிடுகிறது. இரண்டு, பாடுகிற அக்கா 5 கட்டைச் சுருதியில் ஆரம்பித்து, சூடு ஏறியதும் "அரை ஏத்து" என்பார். எல்லா ஸ்வரத்தையும் ஒரே அளவு ஏற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தினேன். பாஸ் ஏறியது. கூடவே ரவான் போய் அந்த இடத்தில் ட்ரியாங்கிள் அடித்தது. அதோடு பழைய பாஸ் ஸ்வரமும் நிற்காமல் ஊதிக்கொண்டே இருந்தது. ப்ளக்கைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன். மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பழைய_101 · செவ்வாய், இரவு 10:15

தம்பி, பதற வேண்டாம். பெட்டி நன்றாகத்தான் இருக்கும்போலத் தெரிகிறது. முதலில் இரண்டு கேள்வி.

பாஸ் ஒலி எங்கிருந்து வருகிறது? அந்த சிந்தசைசரில் சஸ்டெயின், அதாவது விசையைப் பிடித்திருக்கும்வரை நிற்கும் ஒலியளவு, எங்கே நிற்கிறது?

டை போடும்போது விரல் எங்கே இருந்தது? விசையை விட்டுவிட்டு டை பட்டனை அழுத்தினாயா, விசையைப் பிடித்துக்கொண்டே அழுத்தினாயா?

ரோஸ்ஹில்_கீபோர்டு · செவ்வாய், இரவு 10:31

சஸ்டெயின் பூஜ்யத்தில் இருக்கிறது அண்ணா. தந்தியைச் சுண்டின மாதிரி வேண்டும் என்று நான்தான் இறக்கி வைத்தேன்.

விசையை விட்டுவிட்டுத்தான் டை அழுத்தினேன். அதே பட்டனில்தான் ரெஸ்ட் என்றும் எழுதியிருக்கிறது.

பழைய_101 · செவ்வாய், இரவு 10:58

பிடிபட்டுவிட்டது. உனக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு தப்பு, ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நிற்கிறது.

ரெஸ்ட்டும் டையும் ஒரே பட்டனில் இருக்கும் பெட்டிகள் நிறைய. ஆர்ட்டூரியா கீஸ்டெப்பிலும் அப்படித்தான். விசை அழுத்தியபடி இருக்கும்போது அந்தப் பட்டனைத் தட்டினால் அது டை, அந்த ஸ்வரம் அடுத்த ஸ்டெப்புக்கும், அதாவது அடுத்த கட்டத்துக்கும், நீளும். கை விட்டபின் தட்டினால் அது ரெஸ்ட், வெறும் மௌனம். நீ வரிசையாக மௌனத்தைப் பதிந்துகொண்டே போயிருக்கிறாய்.

இதை மட்டும் சரிசெய்திருந்தாலும் உனக்கு வித்தியாசம் காதில் விழுந்திருக்காது. டை செய்வது ஒரே காரியம்: கேட்டை, அதாவது 'விசை இன்னும் அழுத்தியபடி இருக்கிறது' என்ற சைகையை, மூடாமல் திறந்து வைக்கும். கேட் திறந்திருக்கிறது, ஆனால் டிகே (ஒலி இறங்கும் நேரம்) முடிந்து ஒலி சஸ்டெயின் அளவுக்கு இறங்கிவிட்டது, சஸ்டெயின் பூஜ்யம். கதவு திறந்து கிடந்தும் வீட்டுக்குள் ஆள் இல்லாத கதைதான். சஸ்டெயினைப் பாதிக்கு மேல் ஏற்று, அப்புறம் டையைக் கேள்.

என் பெயரில் இருக்கும் 101, ரோலண்ட் கம்பெனியின் எஸ்எச்-101 சிந்த். 1982-ல் வந்தது. அதன் சீக்வென்சரில் 100 ஸ்டெப். ஒவ்வொரு ஸ்டெப்பும் ஒரே நீளம், அதனால் தாளக்கட்டு என்று எதைச் செய்தாலும் ரெஸ்ட், லெகாட்டோ என்ற இரண்டு பட்டனை வைத்துத்தான் செய்ய வேண்டும். அதே ஸ்வரத்தை லெகாட்டோவோடு மறுபடி அழுத்தினால் டை. வேறு ஸ்வரத்தை அழுத்தினால் இடையில் மூச்சு விடாமல் தாவும். அந்த வித்தியாசத்தை நான் கண்டுபிடிக்க ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. அன்றைக்கு எங்கள் ஊரில் இதைச் சொல்லித்தர யார் இருந்தார்கள்!

மோகா_வீணை · புதன், காலை 6:50

இதில் ஒரு வார்த்தை சொல்லட்டுமா. சீக்வென்சர் எனக்கு ஒரு வருடப் பழக்கம்தான். ஆனால் இந்த டை விஷயம் நமக்கு சின்ன வயதிலிருந்தே தெரியும், பேர்தான் வேறு.

ஸ்வரம் எழுதும்போது கால்புள்ளி போடுகிறோமே, அதுதான் டை. கால்புள்ளி ஒரு அட்சரம் நீட்டும், அரைப்புள்ளி இரண்டு அட்சரம் நீட்டும். 'ஸா' என்று நெடிலாக எழுதினால் அதுவே இரண்டு. கார்வை என்று சொல்லிக் கொடுத்தார்கள். மோகாவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் படித்த காலத்தில் நான் கால்புள்ளி வந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வேன். டீச்சர் மேஜையைத் தட்டுவார்: "அது நிறுத்தம் இல்லை, மூச்சு அங்கேயும் போகணும்." நம் ஸ்வர எழுத்தில் மௌனத்துக்குத் தனிக் குறி வைத்து நாங்கள் படித்ததில்லை. அதனால்தான் நோட்டைப் பார்த்துப் பெட்டியில் ஏற்றுகிறவர்களுக்குக் கை தானாக ரெஸ்ட்டுக்குப் போகிறது. காலியாகத் தெரிகிற இடமெல்லாம் காலி இல்லை.

தம்பி, உன் வரியை நீ எழுதவில்லை. நானே ஒன்று போடுகிறேன், ஆதி தாளத்துக்கு 16 ஸ்டெப்:

ஸ , ;  ப , த ப  க ; ரி  ஸ , ;

முதல் ஸ-வை அழுத்திப் பிடித்துக்கொள், பட்டன் மூன்று தடவை. விடு. ப பிடித்து ஒரு தடவை. த, ப இரண்டையும் சும்மா தட்டு. க பிடித்து இரண்டு தடவை. ரி தட்டு. கடைசி ஸ பிடித்து மூன்று தடவை. ஸ்வரம் 7, டை 9, கூட்டினால் 16. எண்ணிப் பார்த்து 16 வரவில்லையென்றால் எங்கேயோ கை முந்திவிட்டது என்று அர்த்தம்.

பழைய_101 · புதன், காலை 8:05

அக்கா சொன்னது எனக்கே புதுசு. நாற்பது வருடமாக இதைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன், கால்புள்ளி தோன்றவே இல்லை.

அப்படிப் பார்த்தால் ரோலண்டின் டிபி-303 என்ற பாஸ் பெட்டி செய்கிற வேலை இன்னும் நம் வழிக்குக் கிட்ட வருகிறது. அதில் ஸ்வரங்களை மட்டும் ஒரு தடவை வரிசையாக ஏற்றுவீர்கள். அப்புறம் தனியாக டைம் மோடுக்குப் போய், 16 இடத்துக்கும் இது நோட், இது டை, இது ரெஸ்ட் என்று தாளத்தை மட்டும் ஏற்றுவீர்கள். ஸ்வரம் வேறு, கார்வை வேறு. பாட்டு வாத்தியார்கள் முதலில் ஸ்வரம் சொல்ல வைத்துவிட்டு அப்புறம் தாளம் போட வைப்பார்கள் இல்லையா. தனியாக உட்கார்ந்து கிடார் வாசிப்பவருக்குத் துணைக்கு பாஸ் வாசிக்கத்தான் அதைச் செய்தார்கள். 1984-லேயே நிறுத்திவிட்டார்கள். 

சேந்த்ஆந்த்ரே_கயாம்ப் · புதன், மதியம் 1:20

ரியூனியனிலிருந்து எழுதுகிறேன். தமிழ் எழுத்து பெரியவனான பிறகு மாலை வகுப்பில் கற்றது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஜனை ஆதி தாளத்தில் இருந்தால் 16 சரி. ஆனால் ரவான் அடிக்கிறீர்கள் என்றால் எங்கேயாவது உங்கள் ஊர் சேகா ஆட்டப்பாட்டின் நடை நுழையும். நுழையாவிட்டால் நீங்கள் மொரீஷியஸ்காரரே இல்லை! அது 6/8. இங்கே எங்கள் மலோயா இசையும் அதே குடும்பம். அதற்கு 16 ஸ்டெப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள். பேட்டர்ன் நீளத்தை 12 ஆக்குங்கள், 1-லும் 7-லும் காலைத் தட்டுங்கள், மும்மூன்றாகப் போகும் திஸ்ர நடை தானாக உட்காரும்.

அதில் எனக்கு வந்த ஒரு சிக்கல். கடைசி ஸ்டெப்பில் தொடங்கிய பாஸ் ஸ்வரம் அடுத்த சுற்றின் முதல் ஸ்டெப்புக்குள் நீள வேண்டும். 12-ல் டை போட இடமே இல்லை, சுற்று திரும்பும்போது பெட்டி கேட்டை மூடிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல். சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) விக்கல் வந்தால், கயாம்ப் என்ற கிலுக்குத் தட்டை ஆட்டுகிறவன் என்னை முறைக்கிறான்.

மோகா_வீணை · புதன், மாலை 5:12

அது அதீத எடுப்பு. சமத்துக்கு முன்னாலேயே எடுத்து, சமத்தின் மேல் நீட்டிக்கொண்டு போவது. பெட்டிக்கு அதீதம் தெரியாது, அதற்குத் தெரிந்த எடுப்பு ஒன்றே ஒன்று, ஸ்டெப் 1.

பேட்டர்னை ஒரு ஸ்டெப் வலப்பக்கம் சுழற்றிவிடுங்கள். 12-ல் இருந்த ஸ்வரம் 1-க்கு வரும், டை 2-ல் விழும். உங்கள் சமம் இப்போது ஸ்டெப் 2. தாள ட்ராக்கையும் அதே ஒன்று சுழற்ற வேண்டும், மறந்தால் எல்லாம் குலைந்துபோகும். ப்ளே அழுத்தும்போது ஒரு ஸ்டெப் முன்னால் அழுத்தப் பழக வேண்டும், இரண்டு நாளில் வந்துவிடும்.

சேந்த்ஆந்த்ரே_கயாம்ப் · புதன், மாலை 6:30

வேலை செய்கிறது. விக்கல் போய்விட்டது. முறைப்பும்.

வோல்ட்_கணக்கு · புதன், இரவு 9:02

ட்ரான்ஸ்போஸை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். நான் வாக்குவாவில் பழுது பார்க்கிற வேலை செய்கிறேன், இந்த 'ஊதிக்கொண்டே இருக்கிறது' புகார் என் மேஜைக்கு அடிக்கடி வரும்.

5 கட்டை என்றால் ஜி. பாஸில் மிடி (மின்வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசும் மொழி) எண் 43 என்று வைத்துக்கொள்ளுங்கள். டை இருப்பதால் 43 திறந்தபடி நிற்கிறது. அந்த நேரத்தில் ஒன்று ஏற்றுகிறீர்கள். சுற்று நகர்ந்து, ஸ்வரத்தை மூடும் நேரம் வந்ததும் பெட்டி புது கணக்குப்படி "44-ஐ மூடு" என்று அனுப்புகிறது. சிந்தில் 44 என்று எதுவும் திறந்தே இல்லை. அது திறந்து வைத்திருப்பது 43. அதை மூடச் சொல்ல இனி யாரும் வரப்போவதில்லை. கீழே 43 தொங்க, மேலே அக்கா 44-ல் பாட, காது கூசத்தான் செய்யும். நன்றாக எழுதப்பட்ட பெட்டி, எந்த எண்ணைத் திறந்தோம் என்பதை நினைவில் வைத்து அதையே மூடும். உங்களுடையது அப்படி இல்லை போலிருக்கிறது.

டை இல்லாத ஸ்டெப்பில் இது பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் ஸ்வரம் குட்டி, மூடிய பிறகுதான் உங்கள் கை பட்டனுக்கு வரும். டையும் ட்ரான்ஸ்போஸும் சேர்ந்தால்தான் இந்தக் கூத்து. அதனால் நீள ஸ்வரத்தின் நடுவில் ஏற்றாதீர்கள். பல்லவி முடிந்து பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரே ஒரு நிஜ ரெஸ்ட் விட்டு வையுங்கள், அங்கே ஏற்றுங்கள். மீறித் தொங்கிவிட்டால் ப்ளக்கைப் பிடுங்க வேண்டாம்: மிடி கண்ட்ரோல் எண் 123, எல்லா ஸ்வரத்தையும் மூடு என்று பொருள். பெட்டியில் பேனிக் பட்டன் இருந்தால் அது இதைத்தான் அனுப்பும். கீபோர்டில் ஒரு மூலை பட்டனுக்கு அதை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சி.வி. (சுருதியை வோல்ட் அளவாக அனுப்பும் முறை) வழியாக ஓட்டினால் தொங்குகிற பேச்சே கிடையாது, அங்கே ஸ்வரத்துக்கு எண் இல்லை, வோல்ட்தான். ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட் என்றால் அரை ஸ்வரத்துக்குச் சுமார் 83 மில்லிவோல்ட். ட்ரான்ஸ்போஸ் என்பது அந்த 83-ஐக் கூட்டுவதுதான். ஆனால் டை நடுவில் கூட்டினால் கேட் திறந்திருக்கையிலேயே சுருதி டக்கென்று தாவும். அது வேறு அசிங்கம்.

ரவான் ட்ரியாங்கிள் ஆன கதை இன்னும் எளிது. தாள ட்ராக்கில் எண் என்பது ஸ்வரம் இல்லை, ஒவ்வொரு எண்ணும் ஒரு வாத்தியம். ரவானை 36-லும் ட்ரியாங்கிளை 37-லும் வைத்திருப்பீர்கள். ஒன்று ஏற்றினால் 36 போய் 37. பொதுவான மிடி வரிசையிலும் இதே கூத்து நடக்கும்: 36 பெரிய டிரம், இரண்டு ஏற்றினால் 38, அது ஸ்நேர் டிரம். தாள ட்ராக்குக்கு மட்டும் ட்ரான்ஸ்போஸை அணைக்க வழி இருக்கும், ட்ராக் மெனுவில் தேடுங்கள். இல்லாவிட்டால் ரவானை 36, 37, 38 மூன்றிலும் ஏற்றிவிட்டு ட்ரியாங்கிளைத் தூரத் தள்ளுங்கள்.

ரோஸ்ஹில்_கீபோர்டு · புதன், இரவு 10:20

36-ம் 37-ம் என்று சரியாகச் சொல்லிவிட்டீர்கள் அண்ணா, பெட்டியைப் பார்த்த மாதிரி.

ஒரு கேள்வி. அக்கா முடித்ததும் மாமா பாடுவார். அக்கா அதற்குள் 5½-க்கு வந்திருப்பார், மாமா 1½. நாலு கட்டை வித்தியாசம், அரைக் கட்டைக்கு ஒரு தட்டு என்றால் 8 தட்டு இறக்க வேண்டுமா?

வோல்ட்_கணக்கு · புதன், இரவு 10:44

8 இல்லை, 7. இதில் எல்லோரும் வழுக்கி விழுவார்கள். 3½ கட்டை என்று ஒன்று கிடையாது. 3 என்பது இ, 4 என்பது எஃப், நடுவில் கறுப்புக் கட்டை இல்லை. 7-க்கும் மேல் 1-க்கும் நடுவிலும் இல்லை. அதனால் கட்டையைக் கழித்துக் கணக்குப் போடாமல் விசையை விரலால் எண்ணுங்கள்.

அப்புறம், இறக்காதீர்கள், ஏற்றுங்கள். 5½, 6, 6½, 7, 1, 1½: 5 தட்டு மேலே. 7 இறக்கினால் பாஸ் மண்டபத்துச் சின்ன ஸ்பீக்கருக்குக் கீழே போய்விடும், அதிர்வு இருக்கும், ஸ்வரம் இருக்காது.

சுருதிப் பெட்டியையும் யாராவது மாற்ற வேண்டும். அதற்கு மிடி கிடையாது, ஆள்தான் வேண்டும்.

தேங்காய்_மூடி · வியாழன், காலை 7:15

ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியம் வாங்கியிருந்தால் கட்டை வரிசையையே நகர்த்திவிட்டு அதே விரலில் வாசித்திருக்கலாம். கரண்டும் வேண்டாம். சும்மா சொன்னேன்.

ரோஸ்ஹில்_கீபோர்டு · வியாழன், இரவு 8:00

இன்னொரு விபரீதம். பெட்டியில் ட்ரான்ஸ்போஸ் இரண்டு வகை இருக்கிறது: க்ரோமாட்டிக், ஸ்கேல். மோகன வரியைச் சுருதிப் பெட்டி 1 கட்டையில் ஓட, விளையாட்டாக இரண்டு தட்டு ஏற்றினேன். க்ரோமாட்டிக்கில் மோகனம் போய் வேறு ஏதோ பெரிய ராகம் மாதிரி கேட்டது. ஸ்கேலில் ஏற்றினால் மோகனமாகவே இருந்தது, ஆனால் வரி வேறாகிவிட்டது. எது சரி?

மோகா_வீணை · வியாழன், இரவு 9:33

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

மோகனம் 1 கட்டையில் சி, டி, இ, ஜி, ஏ. க்ரோமாட்டிக்காக இரண்டு ஏற்றினால் டி, இ, எஃப் ஷார்ப், ஏ, பி. சுருதிப் பெட்டி இன்னும் சி-யில்தான் ஸ பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் எஃப் ஷார்ப் பிரதி மத்யமம், பி காகலி நிஷாதம். நீ கேட்ட 'பெரிய ராகம்' கல்யாணியின் வாடை. பெட்டி தப்பு செய்யவில்லை. ஸ-வை நகர்த்தாமல் பாட்டை மட்டும் நகர்த்தினாய். அதே க்ரோமாட்டிக்கில் 7 ஏற்றிப் பார், புதிதாக ஒரு நிஷாதம் மட்டும்தான் நுழையும்.

ஸ்கேல் வகை ஐந்து ஸ்வரத்தை விட்டு வெளியே போகாது. ஸ ரி க இருந்த இடத்தில் ரி க ப வரும். படிக்கட்டு அதே, நிற்கும் படி வேறு. பல்லவியை இரண்டாம் தடவை சற்று மேலே எடுத்துப் பாடுகிற மாதிரி, அதே சுருதியில் பாஸ் வரியை மாற்றிக் காட்ட இது அழகு.

இப்போது வேடிக்கை. ஸ்கேல் வகையில் ஒரு படி ஏற்று, சுருதிப் பெட்டியையும் 2 கட்டைக்குத் திருப்பு. ஸ்வரங்கள் அதே ஐந்து, ஸ மட்டும் பழைய ரி-க்கு வந்துவிட்டது. கேட்பது மத்யமாவதி. இன்னொரு படி, ஹிந்தோளம். கிரக பேதம் என்று புத்தகத்தில் ஒரு வாரம் படித்ததை நேற்று ராத்திரி ஒரு குமிழைத் திருப்பிக் கேட்டேன். தூக்கம் வரவில்லை.

உன் பஜனைக்கு: கட்டை ஏற்றச் சொன்னால் க்ரோமாட்டிக், சுருதிப் பெட்டியும் கூடவே. அதே கட்டையில் வரியை மாற்ற ஆசைப்பட்டால் ஸ்கேல்.

சபா_மூன்றாம்_வரிசை · வெள்ளி, காலை 9:10

எல்லாம் படித்தேன். கார்வைதான் டை என்பதை மட்டும் ஒப்ப முடியாது. கார்வையில் ஸ்வரம் தட்டையாக நிற்பதில்லை. மோகனத்து காந்தாரம் அசையாமல் நிற்கலாம், ரிஷபமும் தைவதமும் அப்படி நிற்குமா? பெட்டி நீட்டுவது ஒரு கம்பி. அதைக் கார்வை என்பது பெயருக்கு அவமரியாதை.

பழைய_101 · வெள்ளி, காலை 10:40

ஐயா சொல்வது வாய்ப்பாட்டுக்கு. இங்கே பேசுவது பாஸ். தம்புராவும் தட்டையாகத்தான் நிற்கிறது, அதை யாரும் அவமரியாதை என்பதில்லை. ஜாரு வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஸ்லைடு இருக்கிறது: கேட் மூடாமல் ஸ்வரம் மட்டும் வழுக்கும். இந்தப் பெட்டிகளில் ராகம் தொடுவதும் புதிதல்ல, பம்பாயில் சரண்ஜித் சிங் 1982-லேயே 303-ஐ வைத்து ராகங்களைப் பதிவு செய்திருக்கிறார்.

சபா_மூன்றாம்_வரிசை · வெள்ளி, காலை 11:05

பதிவு செய்ததால் சரியாகிவிடாது. ஸ்லைடு ஒரே வேகத்தில் வழுக்கும், ஜாரு அப்படியா? சரி, பாஸ் என்பதால் விடுகிறேன்.

ரோஸ்ஹில்_கீபோர்டு · ஞாயிறு, மாலை 4:25

நேற்று ஒத்திகை. வீணை அக்காவின் வரியை அப்படியே ஏற்றினேன். முதல் தடவை 15-தான் வந்தது, க-வில் ஒரு டை விட்டுப்போயிருந்தது. இரண்டாம் தடவை 16. சஸ்டெயினை மூன்றில் இரண்டு பங்கு ஏற்றினேன். பாஸ் நின்றது. கார்வையோ கம்பியோ, மண்டபத் தரை லேசாக அதிர்ந்தது.

தாள ட்ராக்கில் ட்ரான்ஸ்போஸை அணைக்கும் வழி மூன்றாவது மெனுவில் இருந்தது. பல்லவி முடிவில் ஒரு ரெஸ்ட் விட்டிருந்தேன். அக்கா கண்ணைக் காட்டினார், அங்கே ஒரு தட்டு, எதுவும் தொங்கவில்லை. மாமாவுக்கு 5 தட்டு மேலே.

ஒன்றே ஒன்று தப்பிப்போயிற்று. சுருதிப் பெட்டியைத் திருப்புகிற வேலையை என் பையனிடம் கொடுத்திருந்தேன். அவன் பிரசாதம் வாங்கப் போயிருந்தான். அரை வரி முழுக்க 5½ சுருதியில் மாமா 1½ பாடினார். அவர் நிறுத்தவே இல்லை. முடித்ததும், "யாருப்பா புதுசா ராகம் போட்டது" என்று கேட்டார்.